வாடிக்கையாளர் முதலில் பார்க்கும் துணி: கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஜவுளிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட் நடத்தும் முதலாளிகளுக்கும், அங்கே ஆள் எடுப்பதிலிருந்து சீருடை முடிவு செய்வது வரை பார்த்துக்கொள்ளும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் சீருடை தைக்கும் ஒரு சின்ன யூனிட் நடத்துகிறேன். தொடக்கத்தில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கம் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தைத்தேன். இப்போது பெரும்பாலும் கடை ஆர்டர்தான். விற்பனைப் பெண்களின் ஜாக்கெட், ஓவர்கோட், சுடிதார், ஆண்களின் சட்டை பேன்ட், துப்புரவு வேலை செய்பவர்களின் மேல்சட்டை என்று எல்லாமே எங்கள் மேஜையில் வெட்டிப் போகிறது. ஆர்டர் பேச உங்கள் அறைக்கு வருகிறேன். அளவெடுக்க உங்கள் ஊழியர்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறேன். உங்கள் அறையில் பேசுவது எப்படியும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், சீருடையாக அது அவர்கள் உடம்பிலேயே ஏறிவிடும். அவர்கள் பேசுவதுதான் உங்களுக்கு வந்து சேர்வதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சீருடையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது என் பிழைப்பு என்பதற்காகச் சொல்லவில்லை, போட்டுக்கொள்பவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து, கடை ஹாஸ்டலில் தங்கி, சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பும் பெண்ணுக்கு, தினமும் எதை உடுத்துவது என்ற கவலையிலிருந்து சீருடை ஒரு விடுதலை. பக்கத்தில் நிற்பவள் வீட்டில் வசதி எப்படி, இவள் வீட்டில் எப்படி என்பது துணியில் தெரியாது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் வாடிக்கையாளருக்கும், யாரிடம் கேட்பது என்று தேட வேண்டியதில்லை. சீருடை நல்ல வேலை செய்கிறது. அதனால்தான் அதை நன்றாகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

ஆர்டர் பேசும்போது உங்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்விகள் ஒரே மாதிரி இருக்கும். மீட்டர் என்ன விலை? அழுக்கு தெரியாத நிறமா? கசங்காதா? லோகோவை எம்பிராய்டரி போடலாமா, பிரிண்ட் போதுமா? எத்தனை நாளில் தருவீர்கள்? இந்தக் கேள்விகளில் தப்பே இல்லை. ஆனால் போட்டுக்கொள்பவர் அந்தத் துணியில் என்ன வேலை செய்வார் என்று கேட்பவர் மிகக் குறைவு.

அளவெடுக்கும் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பொதுவாகப் பெண்கள் நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு அளவு கொடுப்பார்கள். நான் டேப்பை வைத்துக்கொண்டு, "கையைத் தூக்கும்மா, மேல் ரேக்கிலிருந்து கட்டு எடுக்கிற மாதிரி" என்பேன். தூக்கினால் அந்தப் பழைய ஜாக்கெட் அப்படியே மேலே ஏறும். இடுப்பு தெரியும், அக்குளில் தையல் இறுக்கும். உடனே இன்னொரு கை தானாகவே வந்து சேலையை இழுத்துவிடும். இதை எல்லாரும் செய்கிறார்கள். ஒரு கையால் கட்டு எடுத்து, மறு கையால் உடம்பை மறைத்துக்கொண்டே நாள் முழுக்க வேலை பார்ப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. கீழே நின்று பார்க்கும் வாடிக்கையாளருக்கு அந்தப் பெண் ஏன் சுறுசுறுப்பாக இல்லை என்றுதான் தோன்றும். அக்குள் வளைவில் ஒரு சின்னத் திருத்தம், ஜாக்கெட் நீளத்தில் இரண்டு விரற்கடை சேர்த்தால் இது தீர்ந்துவிடும். துணி கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று அளவில் மொத்தமாக வாங்கி விநியோகித்தால் இது நடக்காது.

இன்னொன்று, வியாபாரத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. சேலைப் பிரிவில் ஒரு வாடிக்கையாளர் இழுபறியில் இருக்கும்போது, விற்பனைப் பெண் என்ன செய்வார்? அந்தச் சேலையைத் தன் தோளில் போட்டு, மடிப்பு வைத்து, முந்தானையை விரித்துக் காட்டுவார். அந்த நிமிடம் அவருடைய சீருடைதான் உங்கள் சரக்குக்குப் பின்புலம். அந்தச் சீருடையில் பெரிய பூவும் ஜிகினா பார்டரும் இருந்தால், தோளில் போட்ட சேலை எடுபடாது. அடர்ந்த சிவப்புச் சீருடைமேல் ஒரு மெல்லிய சந்தன நிறச் சேலையைப் போட்டுப் பாருங்கள், சேலை வெளிறிப் போகும். பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கடையின் விளம்பர நிறத்தையே சீருடைக்கும் கேட்கிறீர்கள். சேலைப் பிரிவுக்காவது அடக்கமான ஒரு நிறத்தைப் பரிசீலியுங்கள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பட்டுப் பிரிவில் நிற்கும் ஒரு மூத்த பெண். அவரிடம் நிர்வாகம் ஒருதரமாவது கேட்டிருந்தால் இதை அங்கேயே சொல்லியிருப்பார்.

அப்புறம் துணி. இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வியர்த்தால் அந்த வியர்வைக்குப் போக இடமில்லை, உடம்பிலேயே நிற்கும். "கடை முழுக்க ஏ.சி.தானே" என்று சொல்வீர்கள். ஏ.சி. வாடிக்கையாளர் இருக்கும் தளத்தில், வாடிக்கையாளர் இருக்கும் நேரத்தில் ஓடுகிறது. காலையில் கடை திறப்பதற்கு முன் தூசி தட்டி அடுக்கும்போது ஓடுவதில்லை. இரவு ஷட்டர் பாதி இறங்கிய பிறகு பிரித்துப் போட்டதையெல்லாம் மடித்து வைக்கும்போதும் ஓடுவதில்லை. குடோனுக்கும் படிக்கட்டுக்கும் சாப்பாட்டு அறைக்கும் அது போவதில்லை. மதுரையில் ஏப்ரல், மே வெயிலில் பாலியஸ்டர் சேலையும், உள்ளே லைனிங் வைத்த பாலியஸ்டர் ஜாக்கெட்டும், அதன்மேல் ஓவர்கோட்டும் போட்டு நிற்பது என்றால் என்ன என்பதை, அந்த அறையில் அளவெடுக்கும்போது முதுகிலும் கழுத்திலும் வேர்க்குரு வெடித்துக் கிடப்பதைப் பார்த்தால் தெரியும்.

எனக்கு இதில் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. நீங்கள் துணி விற்பவர்கள். தரைத்தளத்தில் கைத்தறிப் பருத்திச் சேலையை எடுத்துக் காட்டி, "உடம்புக்குக் குளுமைம்மா, நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான்" என்று உங்கள் ஊழியர் சொல்கிறார். சொல்லும்போது அவர் உடுத்தியிருப்பது மூச்சு விடாத செயற்கை இழை. வாங்க வருபவர்களும் துணி தெரிந்தவர்கள்தானே? விரலால் தொட்டுப் பார்த்துத் துணி வாங்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. உங்கள் வாசலைத் தாண்டியதும் அவர்கள் முதலில் பார்க்கும் துணி ஷோகேஸில் இருக்கும் பொம்மையின் துணி இல்லை, "வாங்கம்மா" என்று கும்பிடும் பெண்ணின் துணி. கோடிக்கணக்கில் விளம்பரம் செய்து உருவாக்கிய பெயரை அந்த ஒரு சேலை கேள்விக்குள்ளாக்குகிறது.

முழுப் பருத்தி கசங்கும், கஞ்சி போட வேண்டும், சாயம் போகும் என்பது உண்மை. ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணால் தினமும் இஸ்திரி போட முடியாது. அதற்கு நடுவழி இருக்கிறது. பருத்தி கூடுதலாகக் கலந்த கலப்புத் துணி, மேலே கலப்பும் ஜாக்கெட் லைனிங் மட்டும் சுத்தப் பருத்தியும், ஓவர்கோட்டுக்குப் பதில் முதுகுப் பக்கம் துணியைக் குறைத்த ஏப்ரன் என்று பல வழிகள். விலையில் வித்தியாசம் வரத்தான் செய்யும். ஒரு தளத்தின் ஒரு மாத விளக்கு அலங்காரத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இருக்காது.

எங்கள் ஊர்ச் சுங்குடிக்கு 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மென்மையான பருத்தி, சின்னச் சின்னப் புள்ளி, கட்டினால் பாரமே தெரியாது. மதுரையில் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் ஊழியர்களுக்குச் சுங்குடியைச் சீருடையாகக் கொடுத்தால், வெளியூர்க்காரர் உள்ளே நுழைந்ததுமே இது மதுரைக் கடை என்று கண்டுகொள்வார். சின்னாளப்பட்டி, அருப்புக்கோட்டை, செட்டிநாடு என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சேலை இருக்கிறது. 1935லிருந்து இருக்கும் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. மொத்த ஆர்டர் கொடுத்தால் நிறமும் கரையும் கேட்டபடி நெய்து தருவார்கள். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, எங்கோ குளிர்ப் பிரதேச அலுவலகத்தைப் பார்த்து சூப்பர்வைசருக்கு பிளேஸர் கேட்கிறீர்கள். சித்திரை மாதத்தில் பிளேஸர் போட்டு, கழுத்தில் கர்சீப் வைத்துக்கொண்டு நிற்கும் மனிதரைப் பார்த்து எந்த வாடிக்கையாளருக்கும் மரியாதை கூடுவதில்லை.

அமெரிக்காவில் டிரேடர் ஜோஸ் என்று ஒரு மளிகைக் கடைத் தொடர் இருக்கிறது. ஜோ கூலோம்ப் என்பவர் 1967ல் கலிபோர்னியாவின் பாசடேனாவில் முதல் கடையைத் திறந்தார். தூர தேசச் சரக்கைக் கப்பலில் கொண்டுவரும் வியாபாரி என்பதுதான் அவர் கடைக்குக் கற்பித்துக்கொண்ட உருவம். அதற்கேற்றபடி ஊழியர்களுக்குப் பூப்போட்ட ஹவாய் சட்டை. இன்றைக்கும் அந்தக் கடையென்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது அந்தச் சட்டைதான். லேசான, தொளதொளவென்ற சட்டை. போட்டவர் குனியலாம், பெட்டி தூக்கலாம், சிரிக்கலாம். தன் கடை எது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது, சட்டை அதிலிருந்து வந்தது. ஹவாய் சட்டையை நீங்களும் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடை எது என்பதிலிருந்து உங்கள் சீருடையும் வரட்டும்.

எத்தனை செட் கொடுக்கிறீர்கள் என்பது அடுத்தது. தமிழ்நாடு அரசு, சத்துணவு சாப்பிடும் பள்ளிப் பிள்ளைக்கு வருடத்துக்கு நான்கு செட் சீருடை கொடுக்கிறது. அந்தப் பிள்ளைக்கு சனி, ஞாயிறு விடுமுறை, கோடை விடுமுறை எல்லாம் உண்டு. பல கடைகளில் ஊழியருக்கு இரண்டு செட்தான். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். ஐப்பசி மழையில் கொடியில் இருப்பது காயாது. தீபாவளி வியாபாரமும் சரியாக அப்போதுதான். ஈரம் போகாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வருகிற பெண்ணிடம், நாற்றம் அடிக்கிறது என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொல்கிறார். இதை என்னிடம் சொன்ன பெண் அழவில்லை. "மூணாவது செட் கொடுங்கன்னு கேட்டதுக்கு, சம்பளத்துல பிடிச்சுக்கவான்னு கேட்டாங்கக்கா" என்றாள்.

சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் சட்டம் பேசுவதைவிட நியாயம் பேசுகிறேன். சீருடை உங்களுக்காகப் போடுவது. அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது, கோயிலுக்குப் போக முடியாது. உங்கள் பெயரைச் சுமந்து நிற்கும் துணிக்கு அவள் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? வால்மார்ட் 2014ல் இதே வேலையைச் செய்து பார்த்தது. நிறுவனப் பெயர் போட்ட கையில்லா மேலங்கியைத் தான் தருவதாகவும், உள்ளே போடும் காலர் வைத்த வெள்ளை அல்லது கருநீலச் சட்டையையும் பேன்ட்டையும் ஊழியர்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் புதிய விதி போட்டது. கடை அழகாகத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். பத்திரிகைகளில் வந்ததோ, இவ்வளவு பெரிய கம்பெனி இவ்வளவு குறைந்த சம்பளக்காரர்களைச் சட்டை வாங்கச் சொல்கிறதே என்ற குமுறல். எந்தப் பெயரை உயர்த்த விதி போட்டார்களோ, அந்தப் பெயர்தான் அடிபட்டது.

தீபாவளிக்கு ஊழியருக்குத் துணி எடுத்துக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். சில இடங்களில் அந்தத் துணியாகவே புதுச் சீருடையைக் கொடுத்துக் கணக்கு முடிக்கிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ஊரெல்லாம் புதுத்துணி வாங்க உங்கள் கடையில்தான் நிற்கிறது. எடுத்துக் கொடுக்கிற கைக்குச் சொந்தமாக ஒரு புதுச்சேலை வேண்டாமா?

இப்போது பாக்கெட். இதைப் பற்றி எழுதாமல் விட முடியாது.

ஆண்களுக்கானாலும் பெண்களுக்கானாலும் பாக்கெட் இல்லாமல் தைக்கச் சொல்லி ஆர்டர் வருகிறது. காரணத்தை யாரும் மறைப்பதில்லை, திருட்டு பயம். நகைக்கடையில் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் துணிக்கடையில்? ஒரு சுடிதார் செட்டைப் பாக்கெட்டில் வைத்து யார் கொண்டுபோக முடியும்? கேமரா இருக்கிறது, வாசலில் அலாரம் இருக்கிறது, இரவு போகும்போது பையைத் திறந்து சோதிக்கிறீர்கள். அதற்கு மேல் பாக்கெட்டையும் எடுத்துவிட்டால் அந்த உடை போட்டவரிடம் என்ன சொல்கிறது? உன்னை நான் நம்பவில்லை என்கிறது. காலையில் உடுத்தும்போதே அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் வாசலில் நின்று உங்கள் வாடிக்கையாளருக்கு வணக்கம் சொல்கிறார்.

நடைமுறையில் இது எப்படி வலிக்கிறது என்று சொல்கிறேன். மாதவிடாய் நாளில் ஒரு பெண் நாப்கினை எதில் வைத்துக்கொண்டு கழிவறைக்குப் போவார்? கைப்பை லாக்கரில். லாக்கர் வேறு தளத்தில். லாக்கருக்குப் போக சூப்பர்வைசர் அனுமதி வேண்டும், அவர் பெரும்பாலும் ஆண். எனவே இடுப்பில் சொருகிக்கொண்டு, விழுந்துவிடுமோ என்ற பயத்தோடு கூட்டத்துக்குள் நடக்கிறார்கள். ஓவர்கோட்டின் உட்பக்கம் உள்ளங்கை அளவில் ஒரு பாக்கெட், மேலே ஒரு பட்டன். வெட்டித் தைக்க எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதை வைத்துக் கொடுத்த ஒரு கடையில், முதல் நாள் போட்டுப் பார்த்த பெண்கள் அதற்குள் கையை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

இதோடு சேர்ந்தது நிறம். வெளிர் நிறப் பேன்ட்டும் வெளிர் நிறச் சேலையும் அந்த நாட்களில் பெண்களுக்குக் கொடுக்கும் பதற்றம் சாதாரணமானதில்லை. நடக்கும்போதெல்லாம் தோழியைக் கூப்பிட்டு, "பின்னாடி பாரு, ஏதாவது தெரியுதா" என்று கேட்பது உங்கள் தளத்தில் தினமும் நடக்கிறது. முழு வெள்ளை உடையில் விடாப்பிடியாக இருந்த விம்பிள்டன் டென்னிஸ்கூட, 2023லிருந்து வீராங்கனைகள் உள்ளே அடர்நிறக் கால்சட்டை போட்டுக்கொள்ள இடம் கொடுத்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அடர்நிறம் என்று உங்கள் ஆர்டர் தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு அளவு மாற்றித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இப்போதெல்லாம் அவர்களே பக்கத் தையலைப் பிரித்து, சேஃப்டி பின் குத்திக்கொண்டு வருகிறார்கள்.

உட்காருவதைப் பற்றிச் சட்டமே வந்துவிட்டது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களைத் திரட்டிய விஜியும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும், அவர்களைப் போன்ற மற்றவர்களும் பல வருடம் போராடியதன் பலனாகக் கேரளம் 2018ல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அந்த வருடம் உலகத்தின் 100 பெண்கள் பட்டியலில் பிபிசி விஜியைச் சேர்த்தது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் உட்கார ஏற்ற வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். பல கடைகளில் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறீர்கள், பார்த்திருக்கிறேன். உட்கார்ந்திருப்பவர்களைத்தான் அதிகம் பார்த்ததில்லை.

உட்கார்ந்தால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். உடையும் ஒரு காரணம் என்பதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். முழங்கால் வரை பட்டன் போட்ட, பக்கத் திறப்பு இல்லாத ஓவர்கோட்டோடு உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார முடியாது. உட்கார்ந்தால் பட்டன் தெறிக்கும். விறைப்பான மடிப்பு வைத்து ஏழெட்டு இடத்தில் பின் குத்திய சேலையில் உட்கார்ந்து எழுந்தால் மடிப்பு கலையும், கலைந்தால் திட்டு விழும். சட்டம் ஸ்டூலை வாங்க வைத்துவிட்டது, சீருடை அதில் உட்கார விடுவதில்லை. இரண்டு பக்கமும் பத்து அங்குலத் திறப்பு வையுங்கள். பின்னைக் குறைக்க வேண்டுமானால் சுடிதாரும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். சேலையா சுடிதாரா என்பதை ஒவ்வொருவரும் தேர்ந்துகொள்ளட்டும், நிறம் ஒன்றாக இருந்தால் போதாதா? காலுக்கும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நிற்பவருக்குக் குதிகால் உயர்ந்த செருப்பைக் கட்டாயமாக்காதீர்கள்.

நெஞ்சில் குத்தும் பேட்ஜ் பற்றிச் சுருக்கமாக. பல கடைகளில் அதில் இருப்பது ஓர் எண். வாடிக்கையாளர் கோபம் வந்தால், "நாப்பத்தேழு யாருங்க, கூப்பிடுங்க" என்கிறார். ஹோம் டிப்போ என்ற அமெரிக்க வன்பொருள் கடைத் தொடரில் ஊழியர்கள் ஆரஞ்சு ஏப்ரன் போடுவார்கள். அதில் அவரவர் பெயரை அவரவரே மார்க்கரால் பெரிதாக எழுதிக்கொள்வார்கள், பக்கத்தில் படம்கூட வரைவார்கள். சீருடை ஒன்றுதான், ஆனாலும் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள் என்று தெரியும். அதை அப்படியே இங்கே செய்துவிட முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முழுப் பெயரைப் போட்டால், பார்த்துவிட்டுப் போகிறவன் ஃபேஸ்புக்கில் தேடி மெசேஜ் அனுப்புகிறான் என்று பெண்கள் சொல்கிறார்கள். அதனால் எந்தப் பெயரைப் போடுவது என்பதை அவர்களிடமே விடுங்கள். செல்லப்பெயர் போதும், முதல் பெயர் போதும். "செல்வி, இங்க வாம்மா" என்று கூப்பிடும் வாடிக்கையாளர், எண்ணைச் சொல்லிக் கூப்பிடுபவரைப் போல நடந்துகொள்ள மாட்டார்.

பூவும் பொட்டும் மூக்குத்தியும் முக்காடும் சிலுவைச் சங்கிலியும் வேண்டும் வேண்டாம் என்று விதி எழுதும் இடத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் என்ற துணிக்கடைத் தொடர் தன் ஊழியர்களின் தோற்றத்துக்கென்றே கறாரான கொள்கை வைத்திருந்தது. 2008ல் டல்சா நகரில் முக்காடு போட்டு நேர்காணலுக்கு வந்த இளம்பெண்ணுக்கு அதனால் வேலை கொடுக்கவில்லை. 2015ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தக் கடைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நம் கடைகளுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். கல்யாணத்துக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் துணி எடுக்க வருகிறவர்களுக்கு, தங்களைப் போன்ற ஒருவர் அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்தால் சந்தோஷம்தான் வரும். சீருடையின் நிறத்திலேயே ஒரு முக்காட்டையும் தைத்துத் தரச் சொல்லுங்கள், தைத்துத் தருகிறோம்.

துப்புரவு செய்பவர்களை மறந்துவிடக் கூடாது. அவர்களை ஒப்பந்தத்தில் எடுப்பதால் வேறு கம்பெனி பெயர் போட்ட சட்டை, அதுவும் அளவு பார்க்காமல் வாங்கியது. பெண்கள் சேலைமேல் ஆண் சட்டையைப் போட்டு, கையை நான்கு மடிப்பு மடித்துவிட்டுத் தரை துடைக்கிறார்கள். உங்கள் கடையைச் சுத்தமாக வைத்திருப்பவர் உங்கள் கடை ஆள் போலவே தெரிய வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்ல உங்களால் முடியும்.

இனி நான் கேட்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆர்டர் கொடுப்பதற்கு முன், துணியை உங்கள் மேஜையில் மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மாதிரி செட் தைத்துத் தருகிறேன், அதற்குத் தனியாகக் காசு வேண்டாம். அதைச் சேலைப் பிரிவில் ஒருவர், பில் போடும் இடத்தில் ஒருவர், குடோனில் ஒருவர், துப்புரவில் ஒருவர் என்று கொடுத்து ஒரு வாரம் போட்டு வேலை பார்க்கச் சொல்லுங்கள். ஹாஸ்டல் தண்ணீரில், அவர்கள் போடும் சோப்பில் பலமுறை துவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவர்களோடு உட்கார்ந்து பேச எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள். சூப்பர்வைசர் அந்த அறையில் இருக்க வேண்டாம். அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு வந்து, எந்தெந்தத் திருத்தத்துக்கு எவ்வளவு ஆகும் என்று விலையோடு உங்களிடம் தருகிறேன். எதைச் செய்வது, எதை விடுவது என்பது உங்கள் முடிவு. என்னிடம்தான் தைக்க வேண்டும் என்றில்லை. வேறு யாரிடம் கொடுத்தாலும் இதே மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

ஆடிக்கு முன் சொன்னால் தீபாவளிக்குள் எல்லாருக்கும் நான்கு செட் தைத்து முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
சீருடை தைக்கும் ஒரு தையல்காரி,
மதுரை.